புலித்தலை யாருடையது? பாத்திர விளையாட்டுகளின் புலி மனிதனும் வடசென்னைத் தெருப்புலியும்

பாதி மனிதன், பாதி புலி. இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லி வருகிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் அதற்குப் புதிய இருப்பிடம் ஒன்று கிடைத்திருக்கிறது: பாத்திரமேற்று ஆடும் மாயப் புனைவு விளையாட்டுகள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் இவ்வகைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. அதன் முதல் தொகுப்பிலேயே புலியாக மாறும் மனிதன் இடம்பெற்றான். 1975 டிசம்பரில், விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் இதழில் ‘ராட்சசன்’ அறிமுகமானான். 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ தொகுதியில் அவனுக்குப் புலித்தலை வாய்த்தது. அன்று முதல் ராட்சசன் என்றால் புலிமுகம் என்பது உலகெங்கும் இருக்கும் விளையாட்டு ஆர்வலர்களின் மனத்தில் பதிந்துவிட்டது.

ராட்சசன் நம் சொல். புலியும் நம் காட்டு விலங்கு. ஆனால் தமிழ்நாட்டில் ராட்சசனைப் புலித்தலையோடு நினைத்துப் பார்ப்பவர் அநேகமாக இல்லை. இங்கே புலி மனிதனுக்கு வேறு வடிவங்கள் உண்டு. கோயில் சுவரில் புலிக்கால் முனிவராக நிற்கிறான். தெருவில் மஞ்சளும் கருப்பும் பூசி ஆடுகிறான். ஒரே கலப்புருவத்தின் இந்த இரண்டு வரலாறுகளும் தொடர்புடையவையா, தனித்தனியானவையா? அதுபற்றிச் சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது. காடில்லாத துறைமுகப் பகுதியான வடசென்னையை உரைகல்லாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

இதிகாச வழி

முதல் விடை எளியது. ராட்சசன் இந்தியத் தொன்மம், ஆகவே புலித்தலையும் இந்தியாவிலிருந்தே போனது என்பது. விளையாட்டு நூல்களே தங்கள் ராட்சசனை இந்தியாவோடு இணைத்துப் பேசியதால் இந்தக் கருத்து வேரூன்றியது.

இதை மறுப்பவர்கள், இராமாயணத்தில் புலித்தலை அரக்கர் எங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். இராவணனுக்குப் பத்துத் தலை. பத்தும் மனிதத் தலைகள். கும்பகர்ணன் மலைபோன்ற உடலன். வீடணன் அறவோன். இவர்களில் விலங்குத் தலை கொண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் இந்த மறுப்பும் முழுமையானதல்ல. வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அனுமன் அசோகவனத்துக்குள் நுழைந்து சீதையைச் சூழ்ந்திருக்கும் அரக்கியரைக் காணும் இடத்தில் ஒரு நீண்ட உருவப் பட்டியல் வருகிறது. ஒற்றைக் கண், ஒற்றைக் காது, காதே இல்லாத தலை என்று போகும் அந்தப் பட்டியலில் பன்றிமுகம், மான்முகம், எருமைமுகம், ஆட்டுமுகம், நரிமுகம் ஆகியவற்றோடு புலிமுகமும் இருக்கிறது.

ஆக, புலிமுக அரக்கி வால்மீகியில் உண்டு. எனினும் இது எவ்வளவு தூரம் செல்லும் சான்று? அங்கே புலிமுகம் பலவற்றுள் ஒன்று. அரக்கியரின் அச்சமூட்டும் பன்மையைக் காட்டுவதே அந்த வரிசையின் வேலை. எந்த விலங்குக்கும் தனிச் சிறப்பு இல்லை. ஆடும் மானும் கூட அதில் இருக்கின்றன. மேலும், புலிமுகத்தவள் காவல் நிற்கும் பெண். விளையாட்டின் ராட்சசனோ மாளிகையில் வீற்றிருந்து சதி செய்யும் பிரபு. இதிகாசம் வாய்ப்பைத் தந்தது என்று சொல்லலாம். பல முகங்களிலிருந்து புலியை மட்டும் பொறுக்கி எடுத்தது இதிகாசம் அல்ல.

சிற்ப மரபும் இந்த வழிக்கு அதிகம் உதவவில்லை. சிங்கத்தலையோடு நரசிம்மர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார். புலித்தலைத் தெய்வங்கள் அரிது. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் ‘புலிக்குகை’ என்று மக்கள் அழைக்கும் பல்லவர் காலக் குடைவரையைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருப்பவை யாளித் தலைகளே.

தொலைக்காட்சியும் ஓவியரின் கையும்

இரண்டாவது விடை இந்தியாவை விட்டு அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போகிறது. 1974 டிசம்பரில் ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ என்ற தொடரில் ராட்சசனைப் பற்றிய பகுதி ஒன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஜிம்மி சாங்ஸ்டர். சிகாகோவில் முதியவர்கள் வாழும் ஒரு குடியிருப்பில் கொலைகள் நடக்கின்றன. கொல்வது ராட்சசன். எதிரில் இருப்பவர் மிகவும் நம்பும் ஒருவரின் உருவத்தில் அது தோன்றும். புனிதப்படுத்தப்பட்ட குறுக்குவில் அம்பு ஒன்றே அதைக் கொல்லும்.

சரியாக ஓராண்டு கழித்து அச்சேறிய விளையாட்டு ராட்சசனிடம் இதே இயல்புகள் இருக்கின்றன. எதிரியின் மனத்தைப் படிக்கும். அவர் நம்பும் உருவத்தைக் காட்டும். மந்திரித்த குறுக்குவில் அம்புக்கு மடியும். இந்தக் கடைசிச் செய்தி எந்த இந்திய நூலிலிருந்தும் வந்திருக்க வாய்ப்பில்லை. குறுக்குவில் இராமாயணத்தின் ஆயுதமே அல்ல. ஆகவே விளையாட்டு ராட்சசனின் நடத்தைக்கு மூலம் தொலைக்காட்சிதான் என்ற வாதம், இந்தத் துறையில் உள்ள எல்லா வாதங்களிலும் உறுதியானது.

ஆனால் தலையை அது விளக்கவில்லை. தொடரில் வந்தது ரோமம் அடர்ந்த பூதம். புலித்தலைப் பிரபு அல்ல. 1977ஆம் ஆண்டு நூலில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில்தான், அங்கி அணிந்து நாற்காலியில் சாய்ந்து குழாய்ப் புகைபிடிக்கும் புலிமுகத்தான் தோன்றுகிறான். அந்த ஒரு படம் அடுத்த அரை நூற்றாண்டைத் தீர்மானித்தது. பின்வந்த பதிப்புகள் உள்ளங்கை பின்புறமாகத் திரும்பிய கையைச் சேர்த்தன. குறுக்குவில் அம்பின் இடத்தை வேறு விதிகளால் நிரப்பின. தலையை மட்டும் விடவில்லை. 2014இல் ‘மேஜிக்: தி கேதரிங்’ அட்டை விளையாட்டின் ‘கான்ஸ் ஆஃப் தார்கிர்’ தொகுதியிலும் ராட்சசர்கள் பெரும்பூனை உருவத்துப் பேய்களாகவே வந்தார்கள்.

ஓவியருக்குப் புலி ஏன் தோன்றியது? இங்கே ஊகங்களுக்கு இடம் உண்டு. இந்தியா என்றால் புலி என்ற எண்ணம் ஆங்கில வாசகரிடம் கிப்ளிங்கின் கதைப்புலி ஷேர்கான் காலத்திலிருந்தே, அதாவது 1894 முதலே, ஊறியிருந்தது. ஜிம் கார்பெட்டின் குமாவுன் ஆட்கொல்லிகள் 1944இலும், கென்னத் ஆண்டர்சனின் தென்னிந்திய வேட்டைக் கதைகள் 1950களிலும் அதை வலுப்படுத்தின. லாரி நிவென் 1966இல் படைத்த ‘கிசின்’ என்ற போர்வெறி கொண்ட புலிபோன்ற வேற்றுலகத்தார், 1973இல் ‘ஸ்டார் டிரெக்’ கார்ட்டூன் தொடரிலும் வந்தார்கள். அறிவியல் புனைவின் பூனை இனங்களும் மாயப் புனைவின் பூனை இனங்களும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வீடியோ விளையாட்டுத் தொடரின் பூனைமனிதர்களான கஜீத்துகளும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். இவற்றில் எதைப் பார்த்து எது வந்தது என்று நூல் பிடித்துக் காட்டுவது கடினம். ஒரு சூழல் இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

காடும் அச்சமும்

மூன்றாவது விடை மானிடவியலாளர்களுடையது. புலியோடு வாழும் மக்கள் புலியை அஞ்சுகிறார்கள். அந்த அச்சமே புலியாக மாறும் மனிதனைப் பிறப்பிக்கிறது என்பது. இதற்குச் சான்றுகள் வலுவானவை. மலாய் மக்களின் ‘ஹரிமாவ் ஜாடியான்’ பற்றிய நம்பிக்கைகளை வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ நூலில் காணலாம். புலியாக மாறும் மனிதனுக்கு மேலுதட்டின் நடுப்பள்ளம் இராது என்பது அங்கே வழங்கும் அடையாளம். ஹியூ கிளிஃபோர்ட் 1897இலேயே இதைக் கதையாக எழுதினார். நாகமலைகளின் சிறுத்தை மனிதர் பற்றி ஹட்டன் 1920இல் எழுதினார். சுந்தரவனத்தில் தட்சிணராயர் புலி உருவெடுக்கும் தெய்வம். 1974ஆம் ஆண்டு விளையாட்டின் புலியாக மாறும் மனிதன் இந்த வகையைச் சேர்ந்தவன்; ராட்சசனுக்கு உறவினன் அல்ல. விளையாட்டின் விதிகளிலும் அவன் தீயவன் அல்லன், நடுநிலையாளன். இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

இதே வாதத்தை இன்னும் பழங்காலத்துக்குத் தள்ளுபவர்களும் உண்டு. காளிபங்கனிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த சிந்துவெளி முத்திரைகளில் பெண்ணின் மேலுடலும் புலியின் பின்னுடலும் இணைந்த உருவம் இருக்கிறது. காலம் பொ.ஆ.மு. 2600க்கும் 1900க்கும் இடைப்பட்டது. ஜெர்மனியில் 1939இல் கண்டெடுக்கப்பட்ட, மாமத யானைத் தந்தத்தாலான சிங்கமனிதச் சிற்பம் ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையானது. மனித மனமே இப்படிப்பட்ட கலப்புகளைப் படைக்கும் என்று இவற்றைக் காட்டிச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் விளக்கும் விடை, புலித்தலை ஏன், புலிக்கால் ஏன், புலித்தோல் ஏன் என்ற வேறுபாட்டை விளக்காது.

அச்சக் கோட்பாட்டுக்கு வடசென்னை ஒரு சோதனை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கடற்கரை, காட்டுப்புலி நடமாட்டத்துக்கு நெடுங்காலமாகவே வெளியே இருக்கும் நிலம். 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது. துறைமுகம் வந்தது. 1950களுக்குள் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் ஆலை அமைத்தன. மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழும் இடம். இங்கிருந்தவர்கள் உயிருள்ள புலியைப் பார்த்தது சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையிலும் சர்க்கஸ் கூடாரத்திலும்தான். அந்த மிருகக்காட்சிசாலையும் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. ஆனாலும் கோயில் திருவிழாவா, கட்சி ஊர்வலமா, மேளம் கேட்டால் புலிவேடக்காரர் கூடவே வருவார். அஞ்சுவதற்குப் புலியே இல்லாத ஊரில் புலி மனிதன் எதற்கு?

வடசென்னை மட்டும் இதில் தனித்து நிற்கவில்லை. ஓணத்தின் நான்காம் நாள் புலிக்களி நடப்பது திருச்சூர் நகரத்தின் நடுவட்டத்தில். நவராத்திரியின் ஹுலிவேஷம் மங்களூருவின் கடைத்தெருக்களில். தமிழ்நாட்டில் புலியாட்டத்துக்குப் பேர்போனது காவிரிச் சமவெளியின் தஞ்சாவூர். அதுவும் காட்டூர் அல்ல. புலியாக மாறுவோம் என்ற அச்சம் காட்டோரத்தில் வாழ்கிறது. புலியாக வேடமிடும் ஆசை சந்தையும் துறைமுகமும் உள்ள ஊர்களில் வாழ்கிறது. இரண்டையும் ஒரே காரணத்தால் விளக்க முடியாது என்பதே இந்தச் சோதனையின் முடிவாகத் தோன்றுகிறது.

புலிக்காலும் புலித்தோலும்

தமிழ் மரபின் மிகப் புகழ்பெற்ற புலி மனிதர் வியாக்கிரபாதர் என்னும் புலிக்கால் முனிவர். வண்டு மொய்ப்பதற்கு முன்னே பூப்பறித்து இறைவனுக்குச் சூட்ட விரும்பினார். விடியுமுன் இருட்டில் மரமேற வழுக்காத கால் வேண்டும். புலியின் காலையும் கையையும் கேட்டுப் பெற்றார். உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் பாடிய கோயிற்புராணம் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயர் இவரால் வந்ததாகவே வழங்குகிறது. நடராசர் சன்னிதிகளில் பாம்புடல் பதஞ்சலியும் புலிக்கால் வியாக்கிரபாதரும் இருபுறமும் நிற்பார்கள். சென்னைக்குள்ளும் இவர் தடம் உண்டு: வடபழனி வேங்கீசுவரர் கோயிலின் தலவரலாறு இவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

இந்த உடலமைப்பை விளையாட்டின் ராட்சசனோடு ஒப்பிடும்போது தலைகீழ் மாற்றம் ஒன்று தெரிகிறது. அங்கே தலை புலி, மற்றவை மனிதம். இங்கே தலை மனிதம், கைகாலே புலி. தலை மாறினால் சிந்தை மாறுகிறது. ராட்சசனின் வஞ்சம் அந்தத் தலையில் இருக்கிறது. கால் மாறினால் மாறுவது திறன் மட்டும். பக்தி அப்படியே இருக்கிறது. விலங்குத்தன்மை இங்கே சாபமாக வரவில்லை, கேட்டுப் பெற்ற வரமாக வருகிறது. உலகின் புலி மனிதக் கதைகளில் இது அரிய நிலைப்பாடு. மாயப் புனைவு விளையாட்டுகளின் உயிரினத் தொகுதிகள் இதைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை என்பது என் கணிப்பு. தொட்டிருந்தால் புலி மனிதன் வில்லனாகவோ கூலிப் போர்வீரனாகவோ மட்டும் இருந்திருக்க மாட்டான்.

தெருவின் புலி மூன்றாவது வகை. அங்கே மாறுவது தோல். உடல் முழுக்க மஞ்சள் பூசி, கருப்பு வரியிட்டு, வால் கட்டி, காதும் பல்லும் வைத்து, தப்பட்டையின் அடிக்கு ஏற்பப் பதுங்கிப் பாய்ந்து ஆடுகிறார்கள். சில ஊர்களில் ஓர் ஆட்டைக் கட்டி வைத்து, அதன்மேல் பாய்ந்து பல்லால் கவ்வித் தூக்குவதும் ஆட்டத்தின் பகுதி. இன்று பல இடங்களில் பூசுவது எனாமல் பெயின்ட். அதை நீக்க மண்ணெண்ணெய் வேண்டும். தோல் எரிச்சலைத் தாங்குவது இந்தக் கலையின் சொல்லப்படாத செலவு.

புலியாட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விடைகள் போட்டியிடுகின்றன. சோழரின் புலிக்கொடியோடு முடிச்சுப் போடுவது ஒன்று. பெருமிதம் தரும் விடைதான். ஆனால் கொடிக்கும் ஆட்டத்துக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளியை நிரப்பும் சான்று காட்டப்படவில்லை. மற்றொன்று முகரம் மரபு. தஞ்சாவூர் வட்டாரத்தில் முகரம் நாட்களில் நேர்த்திக்கடனாகப் புலிவேடம் கட்டுவது வழக்கம்; கட்டியவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். முகரம் வேடங்களின் பன்மையை ஏலூர் ஜாபர் ஷரீப் எழுதி, சென்னை மாகாண மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்து 1832இல் வெளியிட்ட ‘கானூனே இஸ்லாம்’ நூலில் காணலாம். சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்கள் இத்தகைய முகரம் கொண்டாட்டத்தைக் கடல் கடந்து பினாங்குக்குக் கொண்டுசென்றார்கள் என்றும், அங்குள்ள போரியா நாடகப்பாடல் அதிலிருந்து வளர்ந்தது என்றும் கூறப்படுகிறது. ஹசரத் அலியின் ‘இறைவனின் சிங்கம்’ என்ற பட்டத்தை வைத்து வேடத்துக்குப் பொருள் சொல்பவர்கள், சிங்கம் இங்கே வரிப்புலியானது எப்படி என்பதைத் திருப்தியாக விளக்கவில்லை. ஆயினும் இரண்டில் இதுவே ஆவணத்துக்கு நெருக்கமானது.

மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளிவேடம் கட்டுபவரோடு புலிவேடக்காரரை ஒப்பிடுவதும் பயனுள்ளது. காளிவேடக்காரருக்கு அருள் வரும்; கூட்டம் கும்பிடும். புலிவேடக்காரரிடம் கூட்டம் பயந்ததுபோல் நடித்துச் சிரிக்கும். ஆடுபவரும் பார்ப்பவரும் சேர்ந்து ஒரு பாவனையை ஒப்புக்கொள்கிறார்கள். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் அடிப்படையும் இந்த ஒப்புதல்தான். வீட்டுத் திண்ணையிலும் கோயில் தளத்திலும் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்திலும் ஒருவர் மூன்று புலியாகவும் மற்றவர் பதினைந்து ஆடாகவும் இருந்தார்கள். புலியாக இருந்து பார்ப்பது தமிழருக்குப் புதிய விளையாட்டு அல்ல.

யார் வரைவது?

அண்மைக் காலத்தில் கேள்வி தோற்றத்திலிருந்து உரிமைக்கு நகர்ந்திருக்கிறது. ஒரு பண்பாட்டின் தொன்மத்தைக் குறுக்குவில்லும் புகைக்குழாயும் சேர்த்து எதிரி உயிரினமாக்கியது கீழைத்தேயவாதம் என்கிறது ஒரு தரப்பு. தொன்மங்கள் என்றுமே கலந்து வளர்ந்தவை, விளையாட்டு ராட்சசன் தனியொரு புதுப்பாத்திரம் என்கிறது மறுதரப்பு. முதல் வாதத்தின் பலவீனம், ‘உண்மையான’ ராட்சசன் ஒருவன் இருப்பதாகக் கொள்வது. இரண்டாவதின் பலவீனம் பெரியது: கலப்பு நடந்தபோது கலக்கப்பட்டவரின் குரல் அந்த மேசையில் இல்லை. நிலைமை சிறிது மாறியிருக்கிறது. 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ தொகுப்பில் இந்திய எழுத்தாளர் மிமி மண்டல் கிழக்கிந்திய நதிநிலத்தைப் போன்ற களத்தை வைத்து எழுதினார். புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் ‘ராஜி’ வீடியோ விளையாட்டை வெளியிட்டது. தமிழ்க் கடற்கரையின் புலி இன்னும் எந்தப் பெயர்பெற்ற தொகுதிக்குள்ளும் போகவில்லை.

தீர்ந்ததும் தீராததும்

விளையாட்டு ராட்சசனின் குணம் 1974ஆம் ஆண்டுத் தொலைக்காட்சியிலிருந்தும், முகம் 1977ஆம் ஆண்டு ஓவியத்திலிருந்தும் வந்தன என்பதை ஏறக்குறைய முடிந்த விடையாக ஏற்கலாம். வால்மீகியின் புலிமுக அரக்கி அதற்கு நேரடித் தாய் அல்ல. புலியாக மாறும் மனிதன் தனி வம்சம். அவன் மலாய்க் காட்டிலிருந்தும் காலனிய எழுத்திலிருந்தும் வந்தவன். இவ்விரண்டோடும் தமிழகத்தின் புலிக்கால் முனிவருக்கோ தெருப்புலிக்கோ மரபுத் தொடர்பு இருப்பதாகக் கொள்ள இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

தீராதது புலியாட்டத்தின் நகர வரலாறு. தஞ்சை முகரம் புலிக்கும் சென்னைத் தெருப்புலிக்கும் இடையே ஆட்களும் அடவுகளும் எந்த வழியாகப் பயணித்தன? துறைமுக வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்தார்களா, அதற்கு முன்பே இங்கிருந்ததா? பினாங்குவரை சென்ற முகரம் வேடங்களில் புலிக்கு என்ன இடம் இருந்தது? நேர்த்திக்கடனாக இருந்த வேடம் எப்போது ஊர்வலக் கூலியாக மாறியது? இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் அச்சில் இல்லை. வேடம் கட்டியவர்களின் நினைவில் இருக்கின்றன. சென்னையில் தேசிய நாட்டுப்புற உதவி மையமும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இத்தகைய வாய்மொழிப் பதிவுகளுக்கு வழிகாட்டியவை. அந்த முறையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மூத்த புலிவேடக்காரர்களின் சொற்களைப் பெயரோடும் உரிய ஊதியத்தோடும் பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகத் துறைகள் இப்போதே தொடங்க வேண்டும். தமிழில் விளையாட்டு உருவாக்க விரும்பும் இளைஞர்களும் புலி மனிதனை வரைவதற்கு முன் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.